செக்கிங் நாளில் என் மாமியார் சென்னை போனது

என் மனைவி பிறந்தது விருத்தாசலத்தில். பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டியது விருத்தாசலத்தில். அதே பட்டறையில் சூளை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொண்டதும் இங்கேதான். அவளுடைய அப்பா அம்மா இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்கள், அவள் வளர்ந்தது அகதி முகாமில். அதனால் அவள் இந்தியக் குடிமகள் இல்லை.

அவள் உண்டானபோது வக்கீல் ஒருவரிடம் போனோம். "மொதல்ல இவங்க எந்த நாட்டுக்காரங்கன்னு ஒரு பேப்பர் வேணுங்க. அம்மா அங்க பொறந்தவங்கதான, அத வெச்சு வம்சாவழியில இலங்கைக் குடியுரிமை வாங்குங்க. மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார். அதாவது, இந்தியக்காரி ஆவதற்கு இவள் முதலில் இலங்கைக்காரி ஆக வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "விடுங்க. நம்ம புள்ள நாளைக்கி அம்மா எந்த ஊருன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு நாடு வேணுமில்ல" என்றாள் இவள்.

எல்லாம் மாமியார் கையில் இருந்தது. மாமனார் காலமாகிவிட்டார். மாமியார் முகாமிலிருந்து சித்தாள் வேலைக்குப் போய் இவளைப் படிக்க வைத்தவர். இத்தனை வருஷமாகியும் இலங்கைப் பேச்சு மாறவில்லை.

அவரிடம் எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டார். "எங்க வூட்ல ஒரு நாள் படுத்தா கொறஞ்சா பூடுவீங்க?" என்று கேட்டே விட்டேன். "செக்கிங் வந்தா என்ன செய்யிற தம்பி?" என்றார். முகாமில் மாதாமாதம் செக்கிங், எந்த நாள் என்று ஓரிரு நாள் முன்னால்தான் தெரியும். அதிகாரி பெயரைக் கூப்பிடும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடலாம், பெயர் போனால் குடியிருக்கிற வீடும் போகும். நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பெயர் கூப்பிட்டதும் மாமியார் எழுந்து நின்று "இருக்கிறன்" என்பார். மாமனாரை அடக்கம் செய்த மறுநாளும் அப்படி எழுந்து நின்றாராம்.

இலங்கையில் இருக்கும் உறவுக்காரர் மூலம் மாமியாரின் பிறப்புச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. சென்னையிலுள்ள இலங்கை அலுவலகத்தில் தேதியும் கிடைத்தது. இது என் பிள்ளைதான் என்று தாய் நேரில் வந்து சொல்ல வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அதே நாளில்தான் முகாமில் செக்கிங் வந்தது.

"தேதிய மாத்திக் கேப்போம்" என்றேன். "கிடைச்சதே பெரிசு. பிள்ளைத்தாச்சியை எத்தினை தரம் அலைக்கழிக்கிற?" என்றார் மாமியார். முந்தைய நாளே அதிகாரியிடம் போனார், நானும் கூடப் போனேன். "ஐயா, நாளைக்கு நான் நிக்கமாட்டன். பிள்ளையின்ர அலுவலாச் சென்னைக்குப் போறன்." அவர் நல்ல மனிதர்தான், தயங்கினார். "ஆள் இல்லன்னா இல்லன்னுதாம்மா நான் எழுதணும். பேரு போனா திரும்பச் சேக்குறது கஷ்டம்மா." "தெரியும் ஐயா. எழுதுங்கோ" என்று கும்பிட்டுவிட்டு நடந்தார்.

விடியற்காலை ஜங்ஷனில் ரயிலேறினோம். சென்னையில் கவுண்டரில் இருந்த பெண் கேட்டார்: "நீங்க இலங்கைக்குத் திரும்பிப் போறதுக்கு எழுதித் தரப் போறீங்களா அம்மா?"

"எனக்கு வேண்டாம் பிள்ளை. இவளுக்குக் குடியுரிமை மட்டும்."

தன் பெயரை முகாமில் வெட்டக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவர் சொன்ன பதில் இது. ஊரில் தைரியசாலி என்று மீசை முறுக்குகிறவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

பெயரை வெட்டித்தான் விட்டார்கள். சண்டைக்குப் போகிறேன் என்று குதித்தேன். "அவர் சொன்னதைத்தானே செய்தவர்" என்று மாமியார் என்னை அடக்கிவிட்டார். மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. முகாம் வீட்டைக் காலி செய்து, சட்டி பானையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

மகன் பிறந்து, தவழவும் தொடங்கிய பிறகு, இவளுடைய இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் வந்தது. மாமியார் தரையில் உட்கார்ந்து பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். சான்றிதழை வாங்கிப் பார்க்கவில்லை.

"கையெல்லாம் சோறு. நீயே வாசி பிள்ளை" என்றார்.

இவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தன் பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர். பிறகு, தாயின் பெயர் என்று சொல்லி, மாமியாரின் முழுப்பெயரையும் உரக்க வாசித்தாள்.

மாமியார் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, "இருக்கிறன்" என்றார்.