டாக்டர் கேட்டபோதே சொல்லியிருக்கலாம்

இராஜபாளையத்தில் என் கணவருக்குக் குடல்வால் ஆபரேஷன். "குடும்பத்துல யாருக்காச்சும் மயக்க மருந்தால தொந்தரவு வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க வம்சத்துலயே கெடையாது" என்றார் மாமியார்.

ஆபரேஷன் முடிந்தும் கணவருக்குத் தானாக மூச்சு வரவில்லை. மணிக்கணக்கில் மெஷின்தான் மூச்சு கொடுத்தது. அந்த மருந்தை முறிக்கும் சக்தி அவருக்குப் பிறவியிலேயே குறைவாம். கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டர்.

அப்போதுதான் மாமியார் வாய் திறந்தார். "இவன் தங்கச்சிக்கும் டான்சில் ஆபரேஷன்ல இப்படித்தான் ஆச்சு. அவளுக்கு மாப்பிள்ளை பாக்கோம்லா, வெளிய சொன்னா எவன் கட்டுவான்?"

அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அவர்கள் கேட்கும் முன்பே நானே சொல்லிவிடுகிறேன். "ஊருக்கே தமுக்கடிக்கா" என்று மாமியார் முறைக்கிறார். முறைக்கட்டும். அவர் மகனுக்கு மூச்சு ஓடுகிறதே!