அடித்தவனுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு

ஞானப்பிரகாசம் இறந்துவிட்டார் என்று சுபாங் ஜெயாவிலிருந்து அவர் தங்கை தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவரோடு வேலை செய்த நீங்கள் கிள்ளான் மண்டபத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறீர்கள். நான் அங்கே இருந்தேன். நடந்தது இதுதான்.

புதிய காற்று மாசு விதிகளுக்குக் கட்டுப்பட்டால் மாநிலத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்கிட ஒரு குழு அமைத்தார்கள். ஞானம் அதன் பொருளாதார நிபுணர். அறிக்கையைத் திருத்துவது என் வேலை. ஒவ்வொரு செலவையும் என்னை உரக்கப் படிக்கச் சொல்லி, "இத யார் கட்டப் போறா, மேடம்?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார். "கட்டுற ஆளு பேரு தெரியாம செலவு எழுதக்கூடாது."

ஈயம் உருக்கும் உலைகளை மூட வேண்டும் என்பது விதி. அதை விளக்கக் கிள்ளானில் கூட்டம் போட்டோம். மண்டபம் முழுக்க உலைத் தொழிலாளர்கள். ஞானம் பேசத் தொடங்கியதுமே ஒருவன் எழுந்தான்.

"ஒலைய மூடிட்டா நாங்க காத்தையா திங்கறது, boss?"

"உக்காருங்க தம்பி, அதுக்குத்தான் வரேன்."

"யாருக்கு யாருடா தம்பி?"

அவன் வீசிய இரும்பு நாற்காலி பறந்து வந்து ஞானத்தின் முகத்தில் விழுந்தது. விழுந்தவரின் விலாவில் அவன் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. குடைப்பிடியால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். "அந்தக் கெழவிய இழுங்கடா!" என்று கத்தினான். மறுபடியும் அடித்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

அவர் அடுத்துப் படிக்கவிருந்த பக்கம் இரத்தத்தில் நனைந்து கிடந்தது. உலை மூடப்பட்டபின் வேறு வேலை கிடைக்கும்வரை ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாநிலம் சம்பளம் தர வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. அவர்களுக்காக அதைக் கேட்ட ஒரே ஆளைத்தான் அடித்துப் போட்டார்கள்.

குழுத் தலைவர் மருத்துவமனைக்கு வந்தார். "இவனுங்களுக்கா சம்பளம்? வெட்டிடுங்க லா. செலவும் கொறையும், மேல உடனே சரின்னுடுவாங்க."

"வெட்டத்தான் வேணும்" என்றேன் நானும்.

ஞானத்தின் இடது கண் கட்டுக்குள் இருந்தது. அதில் பார்வை பிறகு திரும்பவேயில்லை. தையல் போட்ட உதட்டோடு மெதுவாகப் பேசினார்: "போலீஸ்ல ரிப்போர்ட் கொடுங்க. அவன் உள்ள போகணும். ஆனா அந்தச் சம்பளத்துல கை வச்சீங்க, என் பேர எடுத்துடுங்க."

"இவ்ளோ அடி வாங்கியும் புத்தி வரலயா, ஞானம்?" என்று கேட்டேன்.

"அடிச்சதுக்குக் கோர்ட் இருக்கு. பழி வாங்கறதுக்கு என் கணக்கு கெடைக்காது."

அவர் பெயர் இல்லாத அறிக்கையை மேலிடம் ஏற்காது என்பது தலைவருக்குத் தெரியும். சம்பளம் அறிக்கையில் நின்றது. விதிகளும் வந்தன, உலைகளும் மூடப்பட்டன. நீதிமன்றத்தில் ஞானமே சாட்சி சொல்லி, அடித்தவனைச் சிறைக்கு அனுப்பினார். அவன் உள்ளே இருந்த மாதங்களில் அந்தச் சம்பளத்தை அவன் மனைவி வாங்கிக்கொண்டாள்.

இறுதிச் சடங்கில் பாதிரியார் ஞானத்தைப் பற்றி, மன்னிக்கத் தெரிந்த மனிதர் என்றார். தவறு. சமாதானம் பேச வந்த, அடித்தவனின் உறவினர்களை அவர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். கடைசிவரை அவர் அவனை மன்னிக்கவில்லை. அவனுக்குச் சேர வேண்டியதில் ஒரு காசும் குறைக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டையும்தான். ஒன்றை மட்டும் சொல்லி அவரை நல்லவராக்கிவிடாதீர்கள்.