பாலேந்திராவின் கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கும் இருக்கவில்லை. ஒரே கிழமையில் நாலு கல்யாணம், அறுபது மணித்தியால வேலை. நித்திரை கெட்டவன் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்பீர்கள். சரி. ஆனால் அந்தக் கையை மண்டபத்தில் இருநூறு பேர் பார்த்தார்கள்.

என் பெயர் றஜீவன். குரோய்டனில் ஒரு டயர் கடைக்குப் பின்னால், ஐஸில் சிலை செதுக்குகிற பட்டறையில் வேலை. முதலாளி சந்திரகுமார் அண்ணை, சுவிஸில் தொழில் பழகி வந்தவர். லண்டன் தமிழ்க் கல்யாணங்களில் வாசலில் ஐஸ் அன்னம், ஐஸ் மயில் நிற்குமே... அதில் பாதி எங்கள் வேலை.

தோர்ண்டன் ஹீத் குமுதினி அக்கா கேட்டது வேறு. மகள் துஷ்யாவுக்குக் கல்யாணம். தகப்பன் பாலேந்திரா, மகள் வயிற்றில் இருக்கும்போதே லண்டனுக்கு வெளிக்கிட்டவர். காசு வாங்கிக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் ரஷ்யா வழியாகக் கூட்டிப் போனான். 2000 தை மாதம், உக்ரேனில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு ஃபோன். இன்றிரவு எல்லை கடக்கிறோம் என்றாராம். அதோடு சரி. கூட நடந்த ஷங்கர் என்பவர் லண்டன் வந்து சேர்ந்தார். பாலேந்திரா பாதியில் திரும்பிப் போய்விட்டார் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா இருபத்து நாலு வருடமாகப் பொட்டு வைக்கிறார்.

தாரை வார்க்கத் தகப்பன் வேண்டும். சித்தப்பன் இருந்து கொடுக்கட்டும் என்றார்கள் சொந்தக்காரர். அக்கா மசியவில்லை. உயிரோடு இருக்கிற மனுசனின் இடத்தில் இன்னொருவர் எதற்கு என்று கேட்டார். மணவறையில் அவர் இடத்தில், ஏந்தினபடி இரண்டு ஐஸ் கை. பக்கத்திலிருந்து தானே தண்ணீர் வார்ப்பதென்று முடிவு.

கொண்டு வந்தது பாஸ்போர்ட் படம். அதில் கை ஏது?

"ஆம்பிளையின்ர கைதானே தம்பி. பத்து விரலையும் ஒழுங்காச் செய்யுங்கோ, காணும்" என்றார்.

என் கையையே பார்த்துச் செதுக்கினேன்.

நவம்பர் 30, சனிக்கிழமை. மாலை 4.10. வெளியே இருட்டிவிட்டது. ஃப்ரீசர் ரூமில் மைனஸ் பத்து. கடைசி நகத்தையும் சீவி முடித்தேன். கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

4.22-க்குத் திரும்பி வந்தேன்.

வலக் கையில் இரண்டு விரல் இல்லை. சின்ன விரலும் மோதிர விரலும்.

கீழே பார்த்தேன். துண்டு இல்லை. தூள்கூட இல்லை. உடைந்த ஐஸ் கூராக நிற்கும்... இது மொழுமொழுவென்று இருந்தது.

சந்திரகுமார் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில் நானே தட்டிவிட்டுக் கதை விடுகிறேனாம். "அடுத்த முறை தும்பிக்கை இல்லாத பிள்ளையாரைச் செய்வாய் நீ" என்று சொல்லிவிட்டு, சாமான் ஏற்றுகிற வானுக்கு டீசல் அடிக்கப் போய்விட்டார்.

புதிதாக இரண்டு விரல் சீவினேன். ஐஸோடு ஐஸ் ஒட்டுவது சுலபம். தண்ணீர் தொட்டுப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் உறைந்துவிடும்.

4.51. ஒட்டினேன். டொக்... விழுந்தது.

4.58. மறுபடியும். டொக்...

5.06. இந்த முறை விடாமல் அழுத்திப் பிடித்தேன். கையுறைக்குள்ளே... சூடு. காய்ச்சல்காரனின் கையைப் பிடித்த மாதிரி.

ஃப்ரீசர் மோட்டார் நின்றது.

மூச்சுச் சத்தம்...

என்னுடையது அல்ல. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

காதோரம் ஒரு குரல். களைத்துப்போன குரல்.

"விடு தம்பி... அது போச்சுது."

கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது.

ஞாயிறு காலை எட்டு விரலோடுதான் கொண்டு போனோம். வேறு கட்டி உறைய மூன்று நாள் வேண்டும். அக்கா உற்றுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"என்ர மனுசனுக்குப் பத்து விரலும் இருக்கு. இது அவற்ற கை இல்லை தம்பி, உங்கட கவலையீனம்."

பூச்சரம் சுற்றி மறைத்து வைத்தார்கள். 10.24, முகூர்த்தம். அக்கா செம்பைச் சரித்த நேரம், ஐஸ் உருகிப் பூச்சரம் வழுகி விழுந்தது. முன் வரிசையில் ஒருவர் எழும்பி வெளியே ஓடினார்.

ஷங்கர். கார் பார்க்கில் எங்கள் வானின் படியில் குந்தியிருந்தார். இந்தக் கையைப் பற்றி எனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு சொன்னார். ஓர் இரவு நடை என்றது ஆறு நாளானதாம். பனியில் பாலேந்திராவின் வலக் கையில் இரண்டு விரல் கறுத்துப்போனதாம். வழிகாட்டி கத்தியால் எடுத்தானாம். மப்ளரைக் கிழித்துக் காயத்தில் கட்டியவர் இவர்தானாம்.

"அவர் திரும்பிப் போகேல்லை. ஐஸுக்குள்ள விட்டிட்டு வந்தனாங்கள்... மூச்சு இருந்தது."

கல்யாண வீட்டில் சாவுச் செய்தியா என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த கிழமை தானே போய்ச் சொல்வதாக ஷங்கர் சத்தியம் பண்ணினார். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அலுப்பு... பயம்... இரண்டும்தான்.

தை மாதம், ஒரு காலை. தெருவில் கார் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தோர்ண்டன் ஹீத் மரக்கறிக் கடையில் அக்காவைக் கண்டேன். அதே பெரிய பொட்டு. மகள் சுகமாக இருக்கிறாளாம். ஒரே ஒரு கரைச்சல்தானாம்... உறைபனி விழுகிற நாள்களில், சரியாகக் காலை 6.40-க்கு, யாரோ முன்கதவைத் தட்டுகிறார்களாம். மண்டபத்தில் அந்தக் கையைப் பார்த்த யாரோ பகிடி விடுகிறார்கள் என்றார்.

யார் என்று பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"கதவுக் கண்ணாடி முழுக்க ஐஸ், தம்பி. முகம் தெரியேல்லை. வலக் கையைக் கண்ணாடியில அமத்திக்கொண்டு நிண்டது. மூண்டு விரல்."

ஒரு தக்காளியை அமுக்கிப் பார்த்துப் பையில் போட்டார்.

"என்ர மனுசனுக்குப் பத்து விரல். நான் திறக்கேல்லை."