மாமா செய்த அடித்தட்டு

இன்றைக்கு விளாங்குடியில் என் பட்டறையில் சிஎன்சி மிஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. வேலைத்துண்டைக் கவ்வுகிற வைஸைக் கழற்றி மாட்ட என் ஆட்களுக்கு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பெரிய படிப்புக்காரர்கள் வந்து வாயைப் பிளக்கிறார்கள். சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்? ஆனால் அந்த வித்தையை முதலில் செய்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

அப்பாவிடம் அப்போது இரும்பைச் செதுக்குகிற ஒரே ஒரு பழைய மில்லிங் மிஷின். கொட்டாம்பட்டி நிலத்தை விற்று வாங்கியது. வைஸை இறக்கினால் திரும்ப நேராக உட்கார வைப்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். தட்டுவார், அளப்பார், மறுபடி தட்டுவார். மாமா மிஷின் மேசையில் ஓர் இரும்புத் தட்டை நிலையாகப் பொருத்தினார். தட்டில் இரண்டு துளை, வைஸின் அடியில் இரண்டு முளை. தூக்கி வைத்தால் போதும்.

“அளக்கவே வேணாம் மச்சான், கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க.”

“அம்புட்டு நம்பிக்கையா மாப்ள? பீஸு வீணாச்சுன்னா மேலூர் குவாரிக்குக் கல்லொடைக்கப் போயிரணும், ஆமா.”

ஆயுத பூசைக்கு மறுநாள் சோதனை. பூசைக்குக் கழற்றி, அடிப்பக்கம் தெரியச் சாய்த்திருந்த வைஸை மாமாவே தூக்கி வைத்தார். அப்பா அளக்காமல் ஓட்டினார். யாரோ நம்பிக் கொடுத்த பம்புசெட் வார்ப்புகள், அத்தனையும் கோணல்.

அப்பா வாசல் வெளிச்சத்தில் ஒரு பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கத்தினார். அம்மா கதவோரம் நின்றாள். சோறு குழைந்ததற்கு வாங்கிய அடியில் அவள் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

மாமா வைஸைப் புரட்டினார். அடியில் காய்ந்து அப்பியிருந்தது, பூசைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டு. அவருக்குப் பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். மாமா அக்காவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேட்டி முனையால் அழுத்தித் துடைத்தார்.

“என் கணக்குதான் பெசகிருச்சு மச்சான்.”

அப்பா தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். சாயங்காலமே மாமா மேலூர் பஸ்ஸில் ஏறினார். வழியனுப்பப் போன நான், “மாமா, வேட்டியில சந்தனம்...” என்று ஆரம்பித்தேன். சட்டென்று என் வாயைப் பொத்தினார். கறை பட்ட வேட்டியோடு ஊருக்குப் போக வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.