ஏழாம் நாள் எண்ணிக்கை

சொன்ன சொல்லைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை அறங்களுள் அரியது. பிறர் பொய்யைக் கடிதல் எவர்க்கும் எளிது. தன் வாயிலிருந்து புறப்பட்டு, உறவினர் வீடுதோறும் விருந்துண்டு கொழுத்துவிட்ட பாதி உண்மையைத் துரத்திப் பிடிப்பதோ நாய்படாத பாடு. அப்பாடு பட்ட ஒருவரை நான் அறிவேன்.

புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பது அவர் தொழில். பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில் அவற்றுக்கு உணவூட்டி வருகிறார். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டுகளில், இளஞ்சிவப்பான ஊட்டநீரில், உடற்சூடு மாறாத பெட்டிக்குள் அவை பெருகும். இரண்டு நாளுக்கொருமுறை பழைய நீரை உறிஞ்சிப் புதுநீர் விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பது செல்களுக்குத் தெரியாதாகையால் அவருக்கும் அந்நாள் இல்லை. உறவினர் அவரை "டாக்டரம்மா" என்பார்கள். "நான் டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. தட்டு கழுவுறவ," என்று அவர் சொல்லிச் சலித்ததுதான் மிச்சம்.

அவருடைய தம்பி கண்ணாடி வெட்டுபவர். சென்ற ஆண்டு அந்தத் தம்பியின் பெருங்குடலில் ஒரு கட்டி கண்டார்கள். புற்றுதான், ஆயினும் பரவவில்லை. மூன்று வாரத்தில் அறுத்தெடுத்துவிடலாம் என்று மருத்துவர் நாள் குறித்தார்.

அதே வாரம் ஆய்வகத்தில் வெங்காயத் தோலிலிருந்து பிரித்த ஒரு ஃப்ளேவனாய்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தோலுக்கும் பூவுக்கும் நிறந்தரும் பொருள்களுள் பல இவ்வினத்தவை. அதன் தூளைக் கரைத்துச் சில தட்டுகளில் விட்டு, சிலவற்றை வெறுமனே வைத்து, மூன்றாம் நாள் அக்கா எண்ணினார். தூள் விட்ட தட்டுகளில் செல்கள் பாதிதான் பெருகியிருந்தன. ஆனால் அவ்விடத்து வழக்கம் இருமுறை எண்ணுவது: மூன்றாம் நாள் எண்ணியபின் தட்டைக் கழுவி, வெறும் ஊட்டநீர் விட்டு, ஏழாம் நாள் மறுபடி எண்ணவேண்டும். அதுவரை எவரும் வாய்திறப்பதில்லை.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனார். சோற்றைப் பிசைந்தபடியே உண்ணாமல் உட்கார்ந்திருந்த தம்பியின் முகத்தைக் கண்டு மனம் பொறாமல் வாய்திறந்துவிட்டார்.

"வெங்காயத் தோல்ல இருக்கிற ஒண்ணைப் போட்டுப் பாத்தோம்டா. மூணே நாள்ல பாதியாக் கொறஞ்சிருச்சு."

ஆறுதலுக்குச் சொன்னது. அவ்வளவே.

ஏழாம் நாள் எண்ணினார். கழுவிய தட்டுகளில் செல்கள் விட்ட இடத்திலிருந்து பெருகி, வெறுந்தட்டுகளுக்கு ஈடாக மண்டியிருந்தன. அதைச் சொல்ல அன்றே போனார்; தம்பி வீட்டுப் படியேறுமுன்பே வெங்காய வாடை தெருவரை வந்தது. கூடத்தில் நான்கு சாக்கு வெங்காயத் தோல். அடுப்பில் அண்டா நிறையப் பழுப்பு நீர்.

"என்ன இதெல்லாம்?"

"வெங்காயக் கடைக்காரர் சும்மாவே அள்ளிக் குடுத்துட்டாரு அண்ணி," என்றார் தம்பி மனைவி. "ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கிறாரு. ஆபரேஷன் வேண்டாம்னு ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தட்டில் விடுவது தூய தூள். அது நேரே செல்மேல் விழுகிறது. குடிக்கும் நீரிலோ அது சிறிதே. குடலும் ஈரலும் அதை உருமாற்றியபின் இரத்தத்தில் சேர்வது அதனினும் சிறிது. இதையெல்லாம் விளக்கினார்.

"அந்தத் தட்டுல சோப்புத் தண்ணி ஊத்துனாக்கூட செல் வளராதுடா. அதுக்காக சோப்புத் தண்ணி குடிப்பியா?"

"கோவத்துல பேசாதக்கா. பெரியப்பாகூட நல்லதுன்னாரு."

"பெரியப்பா என்னைக்கு செல் வளத்தாரு? ஒரு கண்ணாடிய ரெண்டு தடவ அளக்காம நீ வெட்டுவியா? நான் ஒரு தடவ எண்ணினதை வெச்சு உன் குடலுக்கு முடிவு கட்டியிருக்க. தப்பு என் மேலதான். நான் சொன்னது பாதிக்கதை."

"இப்ப மாத்திப் பேசுற. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிக்குடுத்தாங்களா?"

நான்கு நாள் கத்தினார். தொண்டை கட்டியதே பயன். ஐந்தாம் நாள், ஆய்வகத் தலைவரிடம் அனுமதி பெற்று, தம்பியை மூன்றாம் மாடிக்கு இழுத்துச் சென்றார். நான்கு தட்டுகள், மூடிமேல் எழுதியிருந்ததைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்.

"மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்ணு உனக்கு. ரெண்டுல உன் வெங்காயத்தோல் மருந்து போட்டுக் கழுவுனது. எதுன்னு சொல்லு."

தம்பி மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார். ஒவ்வொன்றாக மாற்றினார், முதலாவதைத் திரும்பக் கேட்டார். கால்மணி நேரம் கழிந்தது.

"எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கு."

"அதைத்தான் நாலு நாளாக் கத்துறேன். அது கொன்னு போடல. கொஞ்ச நேரம் தடுத்து வெச்சுது, அவ்வளவுதான்."

தம்பி கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கத்தி வைக்கிறதுக்குப் பயமா இருக்குக்கா."

"இதை மொதல் நாளே சொல்லித் தொலைச்சா என்ன? நாலு மூட்டைத் தோலை அள்ளிட்டு வந்து வெச்சிருக்கீங்க புருஷனும் பொண்டாட்டியும்." பின்பு குரல் தாழ்ந்தது. "எனக்கு மட்டும் பயம் இல்லையாடா?"

மருத்துவமனைக்கு அவரே தொலைபேசினார். பழைய நாள் வேறொருவருக்குப் போய்விட்டது. பதினொரு நாள் கழித்து இடம் கிடைத்தது. அப்பதினொரு நாளும் அவர் தம்பி வீட்டிலேயே படுத்து, அடுப்படியைக் காவல் காத்தார். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று. புற்று குடலைத் தாண்டவில்லை என்று அறிக்கை வந்தது. தம்பி இன்று கடையில் அமர்ந்து கண்ணாடி அறுக்கிறார்.

அக்காவுக்குத்தான் விடிவில்லை. அந்தப் பாதிக்கதை காதில் விழுந்த யாரோ எவரோ தொலைபேசியில் கூப்பிட்டு, "சிவப்புத் தோலா, வெள்ளைத் தோலா?" என்கிறார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் நாளையும் ஏழாம் நாளையும் சேர்த்தே சொல்கிறார். ஆய்வு தொடர்கிறது, நாளை அதிலிருந்து ஒரு மருந்து பிறக்கவும் கூடும், இன்று மருத்துவர் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று முடிக்கிறார். சிலர் கேட்கிறார்கள்; சிலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

இறைவன் அவ்வில்லத்தைக் காக்க. அங்குள்ளோர் உடலில் நோய் மீளாதொழிக. அஞ்சியதை அஞ்சினோம் என்று ஒருவர்க்கொருவர் உரைக்கும் வாய் அவர்க்கு வாய்க்க. வயிறார உண்டு, கண்ணார உறங்கி, அக்குடி நீடு வாழ்க.