ஒன்றரை மணிக்குத் தரையிறங்கிய கலம்

எங்கள் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை. மணி அடிப்பவன் நான்தான். ஒரு நிமிடம் முந்தவும் மாட்டேன், பிந்தவும் மாட்டேன். சூப்பர்வைசர் கண்ணுச்சாமி தன் பொண்டாட்டியிடம்கூட மணி பார்த்துத்தான் பேசுவான் என்று என் காதுபடவே கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். நான் சொல்ல வந்தது வீரணனைப் பற்றி.

கப்பலூர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற சின்ன யூனிட் எங்களுடையது. வீரணன் மோல்டிங் மெஷின் ஓட்டுகிறான். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன், பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிப் பார்த்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பஸ் சீட்டில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு நாவலை எடுத்துக்கொண்டு வந்தான். அட்டை கிழிந்து போயிருந்தது. 'வடவானக் கலம்' என்று பக்கத்துக்குப் பக்கம் மேலே அச்சடித்திருந்தது. ஐந்து பேர் ஒரு விண்கலத்தில் கிளம்பி, வழி தவறி, பூமிக்குத் திரும்பப் பாடுபடுகிற கதை. கடைசிப் பக்கத்தில் 'முதல் பாகம் முற்றும்' என்று இருந்ததுதான் வினை. அடுத்த பாகத்தைத் தேடக் கிளம்பியவன் பதினேழு வருடமாக, பதினோராம் பாகம் வரை தேடித் தேடி வாங்கினான்.

படித்தோமா போனோமா என்று இருந்தானா? சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண்களுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தான். விண்கற்களுக்கு நடுவே கலம் புகுந்து போவதைக் காலை ஒன்பது மணிக்குக் கோரிப்பாளையம் நெரிசலை ஸ்கூட்டியில் தாண்டுகிற மாதிரி என்பான். எல்லாருக்கும் விளங்கிவிடும். கேப்டன் மாவேந்தன் பேசுகிற இடம் வந்தால் என் குரலில் பேசிக் காட்டுவான். பெண்களுக்குச் சிரித்துப் புரையேறும், எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அவனிடம் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்த ஒரே ஆள் நான்தான்.

கதையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைக் கிளப்பும்போதெல்லாம் கலத்தின் கம்ப்யூட்டர் ஐந்து பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடும். ஒவ்வொருவரும் 'இருக்கேன்' என்று சொன்னால்தான் கலம் நகரும். வீரணன் ஒவ்வொரு பேராகச் சொல்ல, பெண்கள் ஆளுக்கொருவராக 'இருக்கேன்' என்பார்கள். கலத்தை ஓட்டுகிற தாரகை என்ற பெண்ணின் பேர் வந்தால் பேக்கிங்கில் இருக்கிற இருளாயிதான் சொல்வாள். வேறு யாரும் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆறாம் பாகம் நடந்துகொண்டிருந்தது. பழுது பார்க்கக் கலத்துக்கு வெளியே போன தாரகை, மற்ற நாலு பேரையும் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறாள். வீரணன் அந்த இடத்துக்கு வந்தான், மணி ஒன்றரை. நான் அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கதை சொன்னால் அன்றைய கதையைச் சாவில் நிறுத்த மாட்டார்கள். கொஞ்சமாவது நல்ல இடத்துக்குக் கொண்டுவந்து விட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அதிலும் அன்று இருளாயி எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள்.

"வயித்துப்புள்ளக்காரி உக்காந்திருக்கா, சாவுல நிறுத்தாதடா" என்று அதட்டினாள் ஒச்சாயி அக்கா. பேக்கிங்கில் அவள்தான் மூத்தவள்.

நேரமாகிறதே என்று நான் வேறு இரண்டாம் தடவை மணியை அடித்தேன். வீரணன் என்னைப் பார்த்தான், இருளாயியின் வயிற்றைப் பார்த்தான். "தாரகைக்கு மூச்சு இருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு ஓடினான். மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான்.

மறுநாள் இருளாயி வரவில்லை. முந்தைய நாள் சாயங்காலமே வலி கண்டு, குறைமாதத்தில் பெண் பிறந்துவிட்டது. பிள்ளை அழவே இல்லையாம், பிழைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று நாள் இழுத்துப் பறித்துப் பிழைத்தது. பத்தாம் நாள் சேதி வந்தது. கதையில் பிழைத்தவள் பேர் என்று இருளாயி பிள்ளைக்குத் தாரகை என்று பேர் வைத்துவிட்டாள்.

இனி எங்கே திருத்துவது? செத்தவள் பேரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறாய் என்று எவன் போய்ச் சொல்வது? அடுத்த நாலு பாகத்திலும் புத்தகத்தில் இல்லாத தாரகையை வீரணன் தன் கைக்காசு போட்டு வளர்க்கிற மாதிரி வளர்த்தான். அவள் கலம் ஓட்டினாள், கேப்டனை அதட்டினாள், ஒரு தடவை அம்மை போட்டுப் படுத்துக்கூட எழுந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் மணியை அடித்தவன் நான்தானே.

இந்த வருடம் ஆவணியில் பதினோராம் பாகம் வந்தது. அதுதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் படித்திருக்கிறான். திங்கட்கிழமை கேட்டவர்களிடம் இன்னும் பிரிக்கவில்லை என்றான். செவ்வாய்க்கிழமை தலைவலி. புதன்கிழமை தூக்குச்சட்டியைத் திறக்காமலே எழுந்து ஹைவே வரைக்கும் நடந்துவிட்டு வந்தான். வெயிலில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான். வியாழக்கிழமை அச்சை மாற்றிப் போட்டு ஒரு மூட்டை மூடி திருகுகிற மரையில்லாமல் வந்து விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் திட்டினேன். புத்தகத்தை என் கையில் கொடுத்தான்.

நின்றபடியே கடைசி ஏழு பக்கத்தைப் படித்தேன். நாலு பேர் பூமிக்கு வந்து சேர்கிறார்கள். தாரகையின் பேரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கக் கேப்டன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவள் பேர் வரும்போதெல்லாம் அது கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும், பிறகு கேப்டன் பட்டனை அமுக்கினால்தான் நகரும். தரையிறங்குகிற நேரத்தில் பட்டன் வேலை செய்யவில்லை. தாரகை, தாரகை என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நாலு பேரும் ஒரே குரலில் 'இருக்கேன்' என்கிறார்கள். கலம் இறங்குகிறது. எனக்கு ஐம்பத்தாறு வயது. கம்ப்ரஸர் சத்தத்தில் மூக்கை உறிஞ்சியது வெளியே கேட்டிருக்காது.

"எம்புட்டு நாளா இதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமாண்ணே. இப்படி ஒரு முடிவு, சொல்லாம வச்சுக்க முடியல. சொன்னா அவ செத்ததச் சொல்லணும். இருளாயி அக்கா மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றான் வீரணன்.

வேறு முடிவு ஒன்றைச் சொல்லிவிடேன் என்றேன். நாலு நாளாக அதைத்தான் கட்டிப் பார்க்கிறானாம், தாரகை உயிரோடு இருந்தால் அந்தக் கூப்பாட்டுக்கு வேலையே இல்லையாம். எனக்கும் அது விளங்கியது.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டான். முடிவை அல்ல, முதலில் பொய்யை. ஒன்பது வருடத்துப் பொய்யை நின்றுகொண்டே சொன்னான். இருளாயி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கழுவ ஆரம்பித்தாள். வீரணன் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். அன்றைக்கு நடிப்பு இல்லை, என் குரல் இல்லை, எழுதியிருந்ததை அப்படியே வாசித்தான். பாதியில் குழாய்ச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை.

வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினான். மணி ஒன்றரை. நான் மணி அடிக்கிற கம்பியைக் கையில் எடுத்தேன். ஒச்சாயி அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். சாவில் நிறுத்தக்கூடாது. ஆனால் வீரணன் சொல்வதற்குக் கதையில் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்று முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. மணி அடிக்காமல் நான் அப்படி நின்றது என் ஆயுளில் கிடையாது.

இருளாயி ஈரச் சட்டியோடு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். வீரணன் எழுந்து நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

"நாலாப்பு படிக்கிறா எம்மக. தெனமும் காலைல டீச்சர் பேரு வாசிக்கிறாங்க" என்றாள். "தாரகைன்னு கூப்பிட்டா, இருக்கேன்னு சொல்றாப்பா."

வீரணன் முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டான். ஒச்சாயி அக்கா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"இப்ப அடிப்பா மணிய" என்றாள் என்னிடம்.