இரண்டு ஊசிகளும் ஒரு ஐஸ் பெட்டியும்

மரக்காணத்தில் மச்சி வீட்டுக் கூடத்தில் போன வருஷம் வரை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேற்கே பார்த்துப் போட்டிருக்கும். மச்சி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற குடும்பம். வெள்ளிக்கிழமைதோறும் நான் கூனிமேட்டிலிருந்து பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். எங்கள் இருவருக்கும் உடம்பு கனம், இருவருக்கும் முட்டி போய்விட்டது. தொழுகையில் மற்றவர்கள் சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும்போது, நாங்கள் நாற்காலியில் இருந்தபடி தலையை மட்டும் சாய்ப்போம். முடியாதவர்களுக்கு அது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சாவதற்குள் ஒரு முறையாவது நெற்றி தரையில் பட வேண்டும் என்று துஆ கேட்காத நாள் கிடையாது.

முட்டியை மாற்றிவிடலாம், முதலில் எடை தொண்ணூறுக்குக் கீழே வரட்டும் என்றார் புதுச்சேரியில் எலும்பு டாக்டர். நான் அப்போது நூற்றி நான்கு. அவர் அனுப்பிய இன்னொரு டாக்டர்தான் வாரம் ஒரு முறை போடுகிற ஊசியைப் பற்றிச் சொன்னார். சொல்வதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்டதில்லை. வீட்டில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்ததா, கணையம் வீங்கியதா, பித்தப்பையில் கல் உண்டா. இவ்வளவு கேட்டால் அந்த மருந்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அப்படித்தான் புத்தி போகும். துபாயிலிருந்து வீட்டுக்காரர் போனில் "எல்லாத்தையும் சந்தேகப்படாத, போட்டுக்க" என்று கத்திய பிறகுதான் சரி என்றேன்.

பார்ப்பதற்கு அது எழுதுகிற பேனா மாதிரிதான் இருந்தது. ஒரு பேனாவில் நாலு வாரத்து மருந்து. தொப்புளுக்குப் பக்கத்தில் நானே குத்திக்கொள்வேன். முதல் மாதம் பிரியாணி வாசனை வந்தாலே குமட்டியது, அதற்குப் பிறகு பசி என்பதே மறந்து போயிற்று. ஏழு கிலோ இறங்கினேன். என்னைப் பார்த்துவிட்டு மச்சியும் வேறொரு டாக்டரிடம் போனார். அவருக்கு எழுதிக் கொடுத்தது வேறு ஊசி. என்னுடையது செமாக்ளூடைட், அவருடையது டிர்செபடைட். இரண்டு பெயரும் வாயில் நுழையாததால் "என்னுது", "ஒன்னுது" என்றே பேசிக்கொண்டோம்.

எடை பார்ப்பது உப்பு மூட்டை நிறுக்கிற மெஷினில்தான். ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, புர்காவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஏறுவோம். அவர் என்னைவிட வேகமாக இறங்கினார். பின்னால் ஆரம்பித்தவர், என்னைவிட ஆறு வயசு மூத்தவர். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவர் ஏறும்போது மட்டும் மெஷின் பொய் சொல்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

அடுத்த தடவை டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "எங்க மச்சிக்கு நல்லதா ஒண்ணு குடுத்திருக்காங்க, எனக்கு மட்டும் எதுக்கு இதுங்க?"

அவர் சிரிக்கவில்லை. "அவங்களுது ரெண்டு வழியா வேல செய்யும், உங்களுது ஒரு வழியா. பொதுவா பாத்தா அதுல கொஞ்சம் கூடவே எறங்கும். உங்களுக்கு இருதயத்துல அடைப்பு வந்து ஸ்டென்ட் வெச்சிருக்குது. இந்த மருந்து இருதயத்துக்கும் நல்லதுன்னு பாத்திருக்காங்க. அதான் இது. எதப் போட்டாலும் நிறுத்தினா எடை திரும்பி வந்துரும்மா, ரெண்டுக்கும் அது ஒண்ணுதான்."

காலம் பூராவும் போட வேண்டும் என்றதும் இது வியாபாரம்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனாலும் அடிக்கடி அலைய முடியாதென்று, சீட்டைக் காட்டி இரண்டு பேனாக்களை ஒன்றாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு புயல் அடித்து மூன்று நாள் கரண்ட் போயிற்று. உப்பளமெல்லாம் தண்ணீர். இரண்டாம் நாள் மச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஈரத்துணியில் சுற்றிய பேனா.

"உங்க ஊர்லதான் ஐஸ் கெடைக்கும். ஃபிரிட்ஜ் போயி ஒரு நாள் ஆவுது. ஒன்னுதோட சேத்து இதையும் வெச்சிரும்மா."

மீன் ஏலம் எடுக்கிற பக்கத்து வீட்டில் ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கினேன். என் இரண்டு பேனாக்களையும் அவருடைய ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி நடுவில் புதைத்தேன். மேலே இரண்டு கை கல் உப்பு தூவினேன். எங்கள் பக்கம் மீனுக்கு அப்படித்தான் செய்வோம், உப்பு போட்டால்தான் ஜில்லென்று பிடித்து நிற்கும். மச்சி வீட்டு உப்புதான் அது.

அந்த இரண்டு நாளில் ஒரு தடவை பெட்டியைத் திறந்து அவர் பேனாவை எடுத்தேன். துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன என்று மனசு கேட்டது. திரும்ப வைத்துவிட்டேன். மறுநாள் கரண்ட் வந்தது, அவரும் வந்து தன்னுடையதை வாங்கிப் போனார். பேனா நல்லா இருக்குதா என்று என்னிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார்.

அதற்குப் பிறகு எனக்குப் பசி திரும்பிவிட்டது. முதலில் கொஞ்சமாக, பிறகு பேய்ப் பசி. இரண்டு மாதத்தில் இறங்கியதில் பாதி ஏறிவிட்டது. மச்சி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தார். நான் மருந்துக் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். டாக்டரைச் சந்தேகப்பட்டேன். "மாஷா அல்லாஹ், மெலிஞ்சிட்ட" என்று சொன்ன அத்தனை பேரின் கண்ணையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் மச்சியையும்தான். திரும்ப வாங்க வந்த அன்று என் பேனாவை என்னவோ செய்துவிட்டுப் போயிருப்பார் என்று பல நாள் படுத்தபடி யோசித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "பேனாவ எங்க வெச்சிருந்தீங்க?"

பெருமையாகச் சொன்னேன். ஐஸ், அதன் மேல் உப்பு. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்பு போட்டா ஐஸு இன்னும் பயங்கர ஜில்லாயிடும்மா. மருந்து உள்ளயே உறைஞ்சு போயிருக்கும். உறைஞ்சா அவ்ளோதான், அப்புறம் உருகினாலும் வேலைக்கு ஆவாது. ரெண்டு நாள் சும்மா மேச மேல வெச்சிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது." பழையபடி சின்ன அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆபரேஷன் தள்ளித்தான் போகும் என்றார்.

பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது, மச்சியின் பேனாவும் அதே பெட்டியில்தானே இருந்தது. அப்படியென்றால் அவர் எப்படி இறங்கினார்?

நேராக அவர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு போட்டது நான்தான், உங்க மருந்தும் கெட்டுப் போயிருக்கும் என்றேன். அவர் எழுந்து போய், சமையல்கட்டு ஃபிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார். அதே பேனா.

"நான் இதப் போடவே இல்ல."

"ஏன் மச்சி?"

"கோவிச்சுக்காத. எனக்குத் தெரியாம நீ இதுல ஒரு ஊசி போட்டுப் பாத்திருப்பேன்னு நெனச்சேன். ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஒன்ன எப்படிக் கேக்குறது? புதுசு வாங்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பேனாவைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தது என் கைதான்.

"எடுத்துப் பாத்தேன் மச்சி. போடல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மச்சி கை, கால், முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து, தொழுகைக்கான இரண்டு முசல்லாக்களை விரித்தார். சுவர் ஓரம் இருந்த நாற்காலிகளில் ஒன்றை மட்டும் எடுத்து வந்து என் முசல்லாவில் போட்டார். நான் அதில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தபோது, பக்கத்தில் அவர் இரண்டு கையையும் ஊன்றி மெதுவாகக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தார்.